சாகித்திய அகாடமி விருது வாங்கிய தமிழ் நாவல்களில் எதை முதலில் படிக்கலாம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2019 என்றால் சோ. தர்மன், சூல் என்று ஒப்பிக்க என் பதில் தேவையில்லை. நிஜமாகவே படிக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் அந்தச் சூலையே முதலில் எடுங்கள்.

நான் கோவில்பட்டிப் பக்கம், ஊர்ப்பாசத்தில் சொல்கிறேன் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். வரட்டும். 1991இல் கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனின் கோபல்லபுரத்து மக்கள், 2014இல் பூமணியின் அஞ்ஞாடி, அப்புறம் இது. சிறுகதைக்கு 1970லேயே கு. அழகிரிசாமி. இந்தக் கரிசல் காட்டுக்கு இத்தனை வந்திருக்கும்போது பெருமைப்படாமல் என்ன செய்வது?

சூல் உருளைக்குடிக் கண்மாயின் கதை. கோடையில் ஊரே இறங்கி, கண்மாய்க்குள் படிந்த கரம்பை மண்ணை வெட்டி வண்டி வண்டியாகத் தங்கள் நிலத்துக்கு அடிப்பார்கள். எங்கள் அய்யாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால் ராத்திரியில் நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் "கொஞ்சம் நிறுத்துப்பா" என்றார். கரம்பை காய்ந்தால் எப்படி ஓடு ஓடாகப் பெயரும், எந்தக் கரையோரம் எடுத்தது பருத்திக்கு ஆகும், பொம்பளைகள் அதில் நயமானதாகப் பொறுக்கித் தலைக்குத் தேய்க்கக் கொண்டுபோவது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், அன்றைக்கு ஒரு பக்கம்கூட மேலே நகரவில்லை. மூன்றாம் வகுப்பு தாண்டாத மனுஷர், மறுநாள் விளக்கு வைத்ததும் அவரே புத்தகத்தைத் தேடினார்.

கதை குறைச்சல், தகவல் ஜாஸ்தி, பழைய காலத்தைத் தூக்கிவைத்துப் பேசுகிறது என்பார்கள். நான் விமர்சகன் இல்லை. ஆனால் ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கிற குடிமராமத்து நின்றுபோய், கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவனுக்கு அது மிகையாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து நூலகத்தில் விருது நூல்களை எல்லாம் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள், கேட்டால் வீட்டுக்குத் தர மாட்டோம் என்கிறார்கள். தேர்வுக் கையேடு மட்டும் மேசை நிறையக் கிடக்கிறது. அப்புறம் யார் படிப்பார்கள்? நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.

சூல் பிடித்திருந்தால் அடுத்து கோபல்லபுரத்து மக்கள். அஞ்ஞாடி ஆயிரம் பக்கத்துக்கு மேல், கழுகுமலை, சிவகாசிக் கலவரம் எல்லாம் வரும், அதைத் தேர்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.