கடல் தண்ணீரை எங்கே பிடிப்பது, எப்படி வைப்பது?

அக்கா, வீட்டில் 120 லிட்டர் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். உப்புப் பொடி வாங்கிக் கட்டுபடியாகவில்லை. பெசன்ட் நகரில் தண்ணீர் பிடித்து நேராகத் தொட்டியில் ஊற்றலாமா?
– வாசகர், அடையாறு

கடல் தண்ணீர் தாராளமாகப் பயன்படுத்தலாம், தம்பி. ஆனால் பெசன்ட் நகரில் பிடிக்க வேண்டாம். எங்கே பிடித்தாலும் அன்றைக்கே ஊற்றவும் வேண்டாம்.

அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. அக்டோபரிலிருந்து ஜனவரி வரை கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். ஆற்றுத் தண்ணீரைப் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கமே இழுத்துக்கொண்டு வரும். கோடையில் ஓட்டம் வடக்கே திரும்பிவிடும். நான் தண்ணீர் பிடிப்பது சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தில், அதுவும் மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரைதான். முட்டுக்காடு முகத்துவாரம் கோவளத்துக்கு வடக்கே இருப்பதால், அந்த மாதங்களில் அதன் தண்ணீர் விலகிப் போய்விடும்.

கரையில் நின்று மொண்டால் மணலும் நுரையும்தான் வரும். அங்கே ஃபைபர் போட் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் நாலு கேனும், பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றும் கொடுத்துவிடுவேன். வலை இழுத்துத் திரும்பும்போது, கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி எஞ்சினை அணைத்துவிட்டு, அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம் போய், ட்யூபை ஒரு கை ஆழத்தில் விட்டு நிரப்புவார். மேல்தண்ணீரில் டீசல் படலம் மிதக்கும் என்பதால்தான் அந்த ஆழம். டீசல் பட்ட கையோடு கேன் மூடியைத் தொடக் கூடாது என்று முதல் தடவை சொன்னேன். இப்போது அவரே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு தடவை அலசிவிட்டுத்தான் மூடியைத் தொடுகிறார். 20 லிட்டர் கடல் தண்ணீர் 20.5 கிலோ. நாலு கேன் என்றால் 82 கிலோ. ஆட்டோ சொல்லிவிட்டுப் போங்கள்.

படகு கிடைக்காதவர்கள் ஓதம் ஏறும் நேரம் பார்த்துப் போகலாம். வெளிக்கடல் தண்ணீர் கரைக்கு வருவது அப்போதுதான். இறங்கும் நேரத்தில் கழிமுகத் தண்ணீர் வெளியே வரும்.

அன்றைக்கே ஊற்ற வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் 2019 ஆகஸ்ட். 18-ஆம் தேதி ராத்திரி இங்கே அலையெல்லாம் நீலமாக ஒளிர்ந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரின் வேலை. மிதப்பதற்காக உடம்புக்குள் அம்மோனியாவைச் சேர்த்து வைத்திருக்கும். எனக்கு அது அப்போது தெரியாது. இரண்டு நாள் கழித்துத் திருவான்மியூரில் இரண்டு கேன் பிடித்து வந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, அன்று மாலையே தொட்டியில் ஊற்றினேன். காலையில் பார்த்தால் ஐந்து வருடம் வளர்த்த கோமாளி மீன் ஜோடி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அம்மோனியா டெஸ்ட் கரும்பச்சையாகிவிட்டது. பெட்டை மத்தியானத்துக்குள் போய்விட்டது. ஆணை வேறு தண்ணீருக்கு மாற்றிக் காப்பாற்றினேன். அது நாலு நாள் இரை எடுக்காமல் மூலையிலேயே நின்றது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் இருட்டில் வைக்காத தண்ணீர் என் தொட்டிக்குள் போனதில்லை.

நீங்கள் சொன்னபடி தண்ணீரைக் கேனில் மூடி வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கொட்டிவிடவா?
– வாசகி, புதுச்சேரி

கொட்ட வேண்டாம், அம்மா. கண்ணுக்குத் தெரியாத பாசியும் சின்ன உயிர்களும் வெளிச்சமில்லாமல் செத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பாக்டீரியா தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது, அதனால் வரும் நாற்றம். மூடியைத் தளர்த்தி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்டு விடுங்கள். அம்மோனியா முதலில் ஏறும், அப்புறம் வேறு பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். பதினைந்து இருபது நாளில் அடியில் பழுப்பாகப் பொடி படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். அப்போது கேனைத் தூக்கிச் சாய்க்காதீர்கள். ட்யூப் போட்டு இழுத்து, அடியில் நாலு விரல் தண்ணீரை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேன் எது என்பதையும் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்ட, சாப்பாட்டுப் பொருளுக்கான வெள்ளைக் கேன் நல்லது. கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பூச்சிமருந்து, பெயிண்ட் வந்த கேனை எடுத்துவிடாதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் போகாது. குடிதண்ணீர்க் கேன்தான் இருக்கிறது என்றால் கறுப்புத் துணி சுற்றுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி பிடித்துவிடும்.

மழைக்காலத்தில் பிடித்த தண்ணீரில் உப்பு குறைவாக இருக்கிறது. எங்கள் ஊரில் கிடைக்காத உப்பா? கல்லுப்பு போட்டுச் சரி செய்யலாமா?
– வாசகர், தூத்துக்குடி

உங்கள் ஊர் உப்பளத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பாத்தியில் கடல் தண்ணீர் சுண்டும்போது சுண்ணாம்பும் ஜிப்சமும் முதலில் படிந்துவிடும். அப்புறம்தான் சமையல் உப்பு விளையும். மெக்னீசியமெல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் போய்விடும். கையில் இருக்கும் கல்லுப்பு கிட்டத்தட்ட சோடியம் குளோரைடு மட்டும்தான். மீனும் பவளமும் கேட்பது மற்றவற்றையும் சேர்த்து.

லிட்டருக்கு 35 கிராம் உப்புதான் கணக்கு, ஹைட்ரோமீட்டரில் 1.025 பக்கம் காட்டும். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு சோதனைக்காகக் கோவளம் தண்ணீரைப் பார்த்தேன், லிட்டருக்கு 26 கிராம்தான் காட்டியது. உங்கள் தண்ணீர் 30 என்றால் 20 லிட்டருக்கு 110 கிராம் மீன்தொட்டி உப்புப் பொடி கரைத்தால் சரியாகிவிடும். முழுத் தண்ணீரும் பொடியில் கலப்பதை விட இது எவ்வளவோ மிச்சம்.

மண்டபத்தில் கடலுக்கு இரண்டு நிமிடத்தில் வீடு. எந்தப் பக்கம் பிடிக்கலாம்? கரையில் ஒதுங்கும் பவளக் கல்லையும் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மண்டபம்

உங்களுக்கு இரண்டு கடல் இருக்கிறது, கொடுத்து வைத்தவர். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கலாக இருக்கும், பாக் விரிகுடாப் பக்கம் தெளிவு. வாடை வந்ததும் அப்படியே மாறிவிடும். தெளிவாக இருக்கும் பக்கம் பிடியுங்கள்.

கல்லைத் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளம் முதல் அட்டவணையில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் பிடிக்கக்கூட அந்தத் தீவுகள் பக்கம் போக வேண்டாம். சட்டம் இருக்கட்டும். ஒரு கை அகலம் பவளம் வளர எத்தனையோ வருடம் ஆகிறது. உங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சொத்து அது.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரே ஊற்றலாமா?
– வாசகி, நாகப்பட்டினம்

கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். கடல் தண்ணீர், பழையதை எடுத்துவிட்டு மாற்றும்போது மட்டும்.

இரண்டு வாரம் காத்திருக்க முடியவில்லை. வேறு வழி உண்டா? தயாரான தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்?
– வாசகர், கடலூர்

இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் செய்வது போல் குளோரின் போடலாம். வாசனையும் சோப்பும் சேராத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட், 20 லிட்டருக்கு 4 மில்லி. ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு, மீதிக் குளோரினை ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) போட்டு முறிக்க வேண்டும். குளோரின் டெஸ்டில் துளி மஞ்சள் தெரிந்தாலும் ஊற்றக் கூடாது. அவசரத்துக்கு இது சரி. என் விருப்பம் இருட்டுதான்.

தயாரான தண்ணீர் குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். ஐந்து மாதம் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறேன். முந்தின ராத்திரி காற்று விட்டு, காலையில் முகர்ந்து பார்த்து, அம்மோனியா டெஸ்ட் செய்துவிட்டு ஊற்றுவேன். எங்கள் மாடிப்படிக்கு அடியில் இப்போது பதினோரு கேன் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் மார்க்கரில் இடம், தேதி, உப்பு அளவு எழுதியிருக்கிறேன்: கோவளம், ஜூலை 9, 34. தை வரை வரும்.