ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்போது வரலாம், என்னென்ன பார்க்கலாம்?

கேள்வி இதுதான்: மதுரைக்கு வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு நாள் ஒதுக்கலாமா, கோபுரத்தையும் பால்கோவாவையும் தவிர அங்கே என்ன இருக்கிறது, எந்தத் திருவிழாவுக்கு வந்தால் நன்றாக இருக்கும்?

நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊரில்தான். ரத வீதியிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கல்யாணமாகி ஈரோட்டுக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. அதனால் பிறந்த வீட்டுக்குப் போகிற மகளாகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். அந்த ஊருக்கும் அதுதான் பொருத்தம். வில்லிபுத்தூரில் ஆண்டாள் வெறும் கோயில் தெய்வம் இல்லை, ஊருக்கே மகள். அங்கே நடக்கிற திருவிழாக்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் விளங்கிவிடும்.

முதலில் கோயில். மதுரையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் இங்கேயே நிற்கும். ஊர் வருவதற்கு முன்பே கோபுரம் தெரிந்துவிடும். பதினொரு நிலை, 192 அடி. மற்ற பெரிய கோபுரங்களைப் போலச் சுதைச் சிற்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்காது. உயரமும் கோடுகளும்தான் அதன் அழகு. அரசு முத்திரையில் தினமும் பார்க்கிற கோபுரம் இதுதான் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். பாண்டியன் வல்லபதேவன் சபையில் வாதத்தில் வென்ற பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் எழுப்பியது என்பது கோயில் வரலாறு.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. இங்கே இரண்டு கோயில்கள். கோபுரம் இருப்பது வடபத்ரசாயி கோயிலில். ஆலிலைமேல் பள்ளிகொண்டவர் என்று பெயருக்குப் பொருள். படியேறி மேல்தளத்தில்தான் அவரைச் சேவிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் நடுவில் நந்தவனம். துளசிச் செடியடியில் பெரியாழ்வார் குழந்தையைக் கண்டெடுத்த இடம் அது. நிறையப் பேர் நேரே ஆண்டாள் சன்னதிக்குப் போய்த் தரிசனம் முடித்து, பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நந்தவனத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போங்கள். கதை தொடங்கிய இடமே அதுதானே.

ஆண்டாள் கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு, இந்தக் கிணற்றுத் தண்ணீரில் அழகு பார்த்தாள் என்பார்கள். சிறு வயதில் பாட்டி என்னைத் தூக்கிப் பிடித்து உள்ளே எட்டிப் பார்க்க வைப்பார். என் முகம் தெரிந்ததா என்பது நினைவில்லை. பாட்டி கையின் இறுக்கம் மட்டும் இன்னும் இடுப்பில் இருக்கிறது.

கருவறையில் ஆண்டாள், அவளை மணந்த பெருமாள் ரங்கமன்னார், கருடன் மூவரும் சேர்ந்து நிற்கிறார்கள். கருடன் எதிரே கைகூப்பி நிற்காமல் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே நிற்பது இங்கே தனிச்சிறப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து மாப்பிள்ளையைக் கல்யாணத்துக்கு நேரத்தோடு கொண்டுவந்து சேர்த்தவர் அவர், அதனால் அந்த இடம் கொடுத்தார்கள் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு.

அப்புறம் கிளி. ஆண்டாளின் இடது கையில் ஒரு பச்சைக்கிளி இருக்கும். கல்லோ உலோகமோ இல்லை, அன்றன்றைக்குப் புதிதாகக் கட்டுவது. மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் இறக்கை, மாதுளம்பூவில் மூக்கு, காக்காப்பொன்னில் (மைக்கா) கண், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்ட வாழைநார். ஒரு கிளி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதைப் பரம்பரையாகச் செய்துவருகிறார்கள். சாயங்கால பூஜையில் ஆண்டாள் கைக்குப் போகும். பிறகு பக்தர் ஒருவருக்குப் பிரசாதமாகக் கிடைக்கும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா பூஜை அலமாரியில் வைத்திருந்தார். இரண்டு நாளில் இலை சுருண்டு, பச்சை பழுப்பாகி, மூக்கின் சிவப்பு மட்டும் கடைசிவரை இருந்தது. அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை.

சரி, திருவிழாவுக்கு வருவோம்.

எல்லோருக்கும் தெரிந்தது ஆடிப்பூரம். ஆண்டாள் பிறந்த நட்சத்திரம், அன்றைக்குத் தேர். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. மரச்சக்கரம் இருந்த காலத்தில் தேர் கிளம்பினால் நிலைக்கு வந்து சேர நாள்கணக்கில் ஆகும் என்று தாத்தா சொல்வார். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ஊரே அங்கே உட்கார்ந்துவிடுமாம். இப்போது இரும்புச் சக்கரம், ஹைட்ராலிக் பிரேக் எல்லாம் வந்துவிட்டதால் சில மணி நேரத்தில் நான்கு ரத வீதியும் சுற்றி வந்துவிடுகிறது. வடம் பிடிக்க வேண்டும் என்கிற ஆசை இருந்தால் அவசியம் வாருங்கள். நான் பிடித்திருக்கிறேன். முதலில் எவ்வளவு இழுத்தாலும் அசையாது. எங்கோ முன்னால் கோஷம் எழும், கையிலிருக்கிற வடம் சட்டென்று விறைக்கும், பின்னால் மரம் முனகுகிற சத்தம் கேட்கும், அப்புறம்தான் கால் நகரும். அத்தனை பேர் பலமும் ஒன்றாகச் சேர்வது உள்ளங்கையிலேயே தெரியும்.

ஆனால் சின்னக் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்குத் தேர் நாளை நான் சொல்லமாட்டேன். வேறொரு காரணமும் உண்டு. ஆடிப்பூரம் பெரும்பாலும் ஆடி அமாவாசையை ஒட்டியே வரும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்குப் போகிற கூட்டம் முழுக்க இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். பஸ், ரூம், சாப்பாட்டுக் கடை எல்லாம் திணறும். சில வருடங்களுக்கு முன் என் பேச்சைக் கேட்டு ஒரு தோழி குடும்பத்தோடு தேருக்கு வந்தாள். ஒரு மாதம் முன்பே சொல்லிவைத்த அறையை லாட்ஜில் வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கடைசியில் எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஆகவே அந்த வாரம் வருவதாக இருந்தால் மதுரையிலோ ராஜபாளையத்திலோ தங்கிக்கொள்ளுங்கள். ராஜபாளையம் 12 கிலோமீட்டர்தான்.

அதே ஆடிப்பூர உற்சவத்தில் தேருக்கு முன்னால் வருகிற ஐந்தாம் நாள், ஏழாம் நாள் இரவுகள் எனக்கு இன்னும் பிடிக்கும். ஐந்தாம் நாள் இரவு ஐந்து கருட சேவை. வடபத்ரசாயியான பெரிய பெருமாள், ரங்கமன்னார், காட்டழகர் கோயில் சுந்தரராஜப் பெருமாள், திருவண்ணாமலை ஸ்ரீனிவாசப் பெருமாள், திருத்தங்கல் அப்பன் என ஐந்து பேரும் ஐந்து கருடன்மேல் வருவார்கள். ஆண்டாளும் பெரியாழ்வாரும் அன்ன வாகனத்தில். (இந்தத் திருவண்ணாமலை எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற சிறு குன்று. தென்திருப்பதி என்போம். புரட்டாசி சனிக்கிழமைகளில் நிற்க இடம் இருக்காது.) மகளின் பிறந்தநாளுக்குச் சுற்றுவட்டாரத்துச் சொந்தங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவது போலத்தான் அது எனக்குத் தோன்றும்.

ஏழாம் நாள் சயன சேவை. ரங்கமன்னார் ஆண்டாள் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பார். ஊருக்குள் இருக்கிற கிருஷ்ணன் கோயிலில் நடக்கும். மதுரை ரோட்டில் கிருஷ்ணன்கோவில் என்றே ஓர் ஊர் இருப்பதால் அங்கே போய் இறங்கிவிடாதீர்கள். திருமணத் தடை நீங்க, தம்பதி ஒற்றுமைக்கு என்று இந்தச் சேவைக்கு வருகிறவர்கள் அதிகம். எனக்கு அந்தக் கோலமே போதும். பெருமாள் மடியில் கிடக்க, அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

பங்குனி உத்திரத்தில் திருக்கல்யாணம். காலையில் செப்புத் தேர், சாயங்காலம் கல்யாணம். வெயில் கடுமையாக இருக்கும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரையிலும் புரட்டாசியிலும் ஊரிலிருந்து மாலை வெளியே போகும். மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது அணிந்திருப்பது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை. திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் இங்கிருந்து மாலையும் கிளியும் போகின்றன. மாலை கிளம்புகிற நேரத்தில் நீங்கள் ஊரில் இருக்க வாய்த்தால் மாட வீதியில் நின்று பாருங்கள். மறுநாள் லட்சக்கணக்கானவர்கள் மதுரை ஆற்றங்கரையிலிருந்து பார்க்கப்போகிற மாலையை நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருப்பீர்கள்.

மார்கழிதான் என் மாதம். திருப்பாவை பிறந்த ஊரில் மார்கழி எப்படி இருக்கும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. விடியலுக்கு முன்பே பாட்டு கேட்க ஆரம்பித்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் வருகிற எண்ணெய்க்காப்பு உற்சவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு நாள். திருமுக்குளக் கரையில் இருக்கிற மண்டபத்துக்கு ஆண்டாள் எழுந்தருளுவாள். பால், நெல்லிக்காய், தாழம்பூ, இளநீர், பலவித மூலிகைகள் எல்லாம் சேர்த்து நாள்கணக்கில் காய்ச்சிய தைலத்தைத் தலையில் சாத்துவார்கள். கூந்தலை மெதுவாகச் சிக்கெடுத்துச் சீவி, கொண்டை முடிந்து, கண்ணாடி காட்டுவார்கள். கூட்டத்தில் இருக்கிற பெண்களைப் பாருங்கள், ஒருவர் முகத்திலும் அவசரம் இருக்காது. தைல வாசனை திரும்பி வரும்போது நம் புடவையில்கூட இருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துவிட அம்மா இல்லாதவர்கள் அந்த மண்டபத்தில் அழுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பால்கோவா பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பாலும் சர்க்கரையும்தான், வேறொன்றும் கிடையாது. 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகலமான இரும்புச் சட்டி, விறகு அடுப்பு. பால் பொங்கி அடங்கியதும் நீளக் கரண்டியால் விடாமல் கிண்டுவார்கள். அடியில் கரண்டி உரசும் சத்தம் முதலில் நீர்த்துக் கேட்கும், பால் சுண்டச் சுண்ட அது கனத்துக்கொண்டே வரும். பக்குவத்தைச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள் பழைய ஆட்கள். நல்ல கோவா இளம் சந்தன நிறத்தில், வாயில் மணல்மணலாகக் கரையும். பல்லில் பிசுபிசுவென்று ஒட்டினால் மாவு சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் பஸ் நிற்கிற இடங்களில் ஊர்ப் பெயர் போட்ட டப்பாவில் விற்பதை வாங்காமல், ஊருக்குள் அடுப்பு எரிகிற கடையில் அன்றைக்குக் கிண்டியதைக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற இடங்கள்: மடவார் வளாகத்தில் வைத்தியநாத சுவாமி கோயில். திருமலை நாயக்கருக்கு வயிற்றுவலி தீர்ந்த தலம் என்பார்கள். தூண் சிற்பங்களுக்காகவே போகலாம், கூட்டமும் இருக்காது. ஊருக்குள் நாயக்கர் காலத்து அரண்மனை ஒன்றும் இருக்கிறது. மதுரை மஹால் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். மேற்கே செண்பகத்தோப்பு, சாம்பல் நிற அணில்கள் சரணாலயம். 2021ல் இந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகிவிட்டது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அணில் கிளை விட்டுக் கீழே இறங்குவதே அரிது. அண்ணாந்து பார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் போங்கள்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்: காலையில் வடபத்ரசாயி, நந்தவனம், மதியம் நடை சாத்தியதும் சாப்பாடும் கோவாவும், வெயில் தாழ்ந்து மடவார் வளாகம், இருட்டுகிற நேரத்துக்கு ஆண்டாள் சன்னதி. கிளியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

நாள் தேர்ந்தெடுக்கிற வசதி உங்களுக்கு இருந்தால், தேரையும் விட்டுவிட்டு நான் சொல்வது பச்சை பரப்புகிற நாள். மார்கழி உற்சவத்தில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாளான பகல்பத்து தொடங்குகிற அன்று ஆண்டாள் ரங்கமன்னாரோடு பிறந்த வீட்டுக்கு வருவாள். பெரியாழ்வார் வம்சத்தாரின் திருமாளிகை அது. மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று வாசலில் காய்கறிகளைக் குவித்துப் பரப்பிவைத்திருப்பார்கள். பூசணி, வாழைக்காய், கத்திரி, அவரை, கரும்பு, பழம், கீரைக்கட்டு, கிடைக்கிற எல்லாமும். பனி ஈரமும் பச்சைக் காய் வாசனையும் தெருவே நிறைந்திருக்கும். வீட்டில் செய்த திரட்டுப்பால் கொடுப்பார்கள். பிறந்த வீட்டில் மகளுக்கு வேறென்ன கொடுப்பார்கள்? கல்யாணமான முதல் வருடம் ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து நான் அதற்குத்தான் போனேன். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் அம்மாவும் தரையில் காய்களைப் பரப்பிவைத்திருந்தார். அன்றைக்குச் சமையலுக்கு நறுக்கத்தான் என்று சொன்னார். மூன்று பேருக்கு அவ்வளவு காய் யாரும் வாங்கமாட்டார்கள்.

இந்த நாள் வருடாவருடம் மாறும். காலண்டரில் வைகுண்ட ஏகாதசி எப்போது என்று பார்த்து, அதிலிருந்து பத்து நாள் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் கோயில் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.