கடைசி 200 அடி

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு. வேளச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. தினமும் ஸ்கூட்டியில் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். மெயின் ரோட்டில் மீடியன் இருப்பதால் யூ-டர்ன் எடுத்து வர நேரமாகிறது. அதனால் கடைசி 200 அடி மட்டும் ராங் சைடில் போய் வாசலில் இறக்கிவிட்டு ஆபீஸுக்கு ஓடுவேன். இப்போது, ‘ஃபிரெண்ட்ஸ் மாதிரி நானும் நடந்து போறேன், இல்லேன்னா சைக்கிள்ல போறேன்’ என்று அடம்பிடிக்கிறான். இந்த டிராஃபிக்கில் எப்படி அனுப்புவது? கணவர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். மாமனார் ‘அந்தக் காலத்துல நாங்க நடந்துதானே போனோம்’ என்கிறார். என் பயம் யாருக்கும் புரியவில்லை.
– வாசகி, வேளச்சேரி

பதில்: சகோதரி, டிராஃபிக், பயம், பிடிகொடுக்காத கணவர் எல்லாம் எனக்கு மாதாமாதம் வரும் கடிதங்களில் இருப்பவைதான். போகிற போக்கில் ‘கடைசி 200 அடி மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

அந்த 200 அடியில் யார் நடக்கிறார்கள் என்று என்றைக்காவது கவனித்தீர்களா? நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் ஓடுகின்றன. ரோட்டோரம் நிற்கும் பிள்ளைக்கு முதலில் வலது கைப் பக்கமிருந்துதான் வண்டி வரும். ‘முதல்ல வலது பக்கம் பாரு’ என்று சொல்லித்தான் வளர்க்கிறோம். பிள்ளை சொன்னபடி பார்த்துவிட்டுக் காலைக் கீழே வைக்கிற நேரத்தில், இடது பக்கமிருந்து நீங்கள் வருகிறீர்கள்.

போன மாதம் ஒரு பள்ளிக்கு எதிரே நின்றிருந்தேன். காலை எட்டேகால் இருக்கும். நாலாவதோ ஐந்தாவதோ படிக்கிற பெண், கழுத்தில் வாட்டர் பாட்டில். வலது பக்கம் பார்த்தாள், பஸ் போகட்டும் என்று நின்றாள், அப்புறம்தான் இறங்கினாள். ராங் சைடில் வந்த ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் பாட்டில் வாரில் மாட்டி அவளை அரைச் சுற்று சுற்றிவிட்டது. வார் அறுந்ததால் பிழைத்தாள். ஓட்டி வந்த அம்மா, ‘பாத்து வரமாட்டியா பாப்பா?’ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பின்சீட்டில் இருந்த பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். அந்தப் பாப்பா பார்த்துத்தான் வந்தாள்.

என் பிள்ளை பத்திரமாக இறங்கினால் போதும் என்பதைத் தாயின் அக்கறை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ரோட்டில் நடக்கிற பிள்ளைக்கு வழிவிடுவதும் ஊட்டி வளர்ப்பதுதான். நாளைக்கு உங்கள் மகன் அதே ஓரத்தில் நிற்கப் போகிறான். அவனுக்கு எதிரே இன்னொரு அம்மா ‘கடைசி 200 அடி மட்டும்’ என்று வருவார்.

இன்னொன்றும் இருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்து அவன் தினமும் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். நடக்காமலே வளர்ந்த பிள்ளைதான் 15 வயதில் ஸ்கூட்டி சாவியைக் கேட்கும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். ரோட்டைக் காலால் பழகாதவன் சக்கரத்தால் பழகுவது ஆபத்து. ஆகவே நடக்க விடுங்கள்.

மாமனாரிடம் கேளுங்கள்: ‘மாமா, ரெண்டு வாரம் அவன்கூட நடந்து போய்ட்டு வர்றீங்களா?’ முதல் வாரம் தாத்தா முன்னால் போய்ச் சொல்லிக்கொடுக்கட்டும். இரண்டாவது வாரம் பையன் முன்னால், தாத்தா பத்தடி பின்னால், வாய் திறக்கக் கூடாது. நிறுத்தியிருக்கும் கார், ஷேர் ஆட்டோ நடுவிலிருந்து எட்டிக் குதித்துக் கடப்பது, நிற்கிற பஸ்ஸுக்கு முன்னால் கடப்பது, இந்த இரண்டும்தான் பிள்ளைகளை அதிகம் சிக்கவைப்பவை. பஸ் கிளம்பிப் போகட்டும். பிளாட்ஃபாரம் இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக நடக்கட்டும். கடக்கும்போது வலது, இடது, மறுபடி வலது. நம் ஊர் வழக்கத்துக்காக இன்னொரு தடவை இடது.

பையைத் தூக்கிப் பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. 35 கிலோ பையன் என்றால் மூன்றரை கிலோ. நடந்து போகிற ஃபிரெண்ட்ஸ் யார் யார் என்று கேட்டு அவர்கள் அம்மாக்களுக்குப் போன் போடுங்கள். நாலு பேர் சேர்ந்து போகட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேளச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். தண்ணீர் நின்றால் பள்ளமும் தெரியாது, திறந்த மூடியும் தெரியாது, ஈபி பெட்டியில் கசிவும் தெரியாது. அன்றைக்கு நடை வேண்டாம்.

சைக்கிள் இப்போதைக்கு அந்த மெயின் ரோட்டில் வேண்டாம். சைக்கிள் பழக்குவது உங்கள் கணவரின் வேலை. ‘உன் இஷ்டம்’ என்று சொல்லித் தகப்பன் ஒதுங்க முடியாது. ஞாயிறு காலை ஆறரைக்கு உள்தெருக்களில் கூட்டிப் போகட்டும். தோளைத் திருப்பிப் பின்னால் பார்க்கும்போதும், ஒரு கையை நீட்டித் திரும்பும்போதும் சைக்கிள் ஆடாமல் நேராகப் போகவேண்டும். அது வரும்வரை ஹெல்மெட்டோடு உள்தெரு மட்டும். அடுத்த வருடம் மறுபடி பேசுங்கள்.

இன்று ராத்திரி சாப்பாடு போடும்போது அவனிடம் நீங்கள் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘இத்தனை நாள் அம்மா ராங் சைடுல போனது தப்புடா. நாளைலேருந்து யூ-டர்ன் போட்டுத்தான் போறோம், பத்து நிமிஷம் முன்னாடியே கிளம்பணும்.’