முகங்களுக்கு அவர் எழுதிய பெயர்கள்

கேள்வி: ஐயா, என் கணவர் தவறி இரண்டு வருடமாகிறது. பல வருடமாக அவர் எடுத்த படங்களெல்லாம் வீட்டுக் கணினியில், பிக்காசா என்ற படத் தொகுப்பு மென்பொருளில் இருக்கின்றன. ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் போட்டு வைத்திருக்கிறார். விண்டோஸ் 10-க்கு இனி பாதுகாப்பு வராது என்று மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறான். படங்களை மட்டும் காப்பி எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடலாம் என்கிறான். செய்யலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, பழைய கணினியில் இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். தம்பி சொல்வது சரிதான், 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. படங்களை மாற்றுவதும் ஓர் இரவு வேலைதான். முகங்களுக்குப் போட்ட பெயர்கள்தான் தானாகச் சேர்ந்து வராது.

பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் அப்பாவின் படங்களை நான்தான் மாற்றினேன். ஒரு படம்கூடக் குறையவில்லை. அதில் ஒன்று பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் எடுத்தது: தண்ணீர்ப் பந்தலில் ஒரு பாட்டி, இரண்டு பக்கமும் மூக்குத்தி, குனிந்து ஒரு பையனின் குவளையில் மோர் ஊற்றுகிறார். அப்பா அந்த முகத்துக்குப் பெயர் போட்டிருந்தார். பழைய டிஸ்க்கை அழித்த பிறகுதான் அது வரவில்லை என்று கண்டேன். அப்பாவிடம் கேட்டேன். அப்போதே அவருக்கு ஞாபகம் தவறத் தொடங்கியிருந்தது. அந்தப் பாட்டி யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

காரணம் இதுதான். பிக்காசாவில் ஜேபெக் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு அந்தப் படத்துக்குள்ளேயே பதிவாகும், அது தப்பிவிடும். முகத்தின் பெயரை, நாம் கேட்டுக்கொண்டால் ஒழிய, பிக்காசா தன் சொந்தக் கணக்கேட்டில்தான் வைத்துக்கொள்ளும். ஆல்பங்களும் அப்படியே.

அதனால் முதலில் படங்கள் முழுவதையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைத் தனியே வைத்துவிடுங்கள். அடுத்து பிக்காசா 3.9-இல் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், நேம் டேக்ஸ் பக்கம் போய், பெயரைப் படத்திலேயே சேமிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். அவர் ஏற்கனவே போட்ட பெயர்களுக்கு டூல்ஸில் எக்ஸ்பெரிமென்டல் என்ற இடத்தில் ‘ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி’ என்று இருக்கும். அதை அழுத்திவிட்டு, முடியும்வரை விட்டுவிடுங்கள்.

பிறகு மறுபடியும் ஒரு காப்பி. இந்த முறை மறைந்திருக்கும் ஃபைல்களையும் காட்டச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். பிக்காசாவில் அவர் வெளிச்சம் கூட்டியது, வெட்டித் திருத்தியது எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘.பிக்காசா.ஐஎன்ஐ’ என்று ஒளிந்துகொண்டிருக்கும். விண்டோஸில் அவர் பெயரிலுள்ள யூசர் ஃபோல்டரைத் திறந்து, ஆப்டேட்டா, லோக்கல், கூகுள் என்று உள்ளே போனால் ‘பிக்காசா2’, ‘பிக்காசா2ஆல்பம்ஸ்’ என்று இரண்டு ஃபோல்டர்கள் கிடைக்கும், அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காப்பி எடுத்தால் ஃபைலின் தேதி மாறிவிட்டதுபோல் தெரியும், பயப்படாதீர்கள். கேமரா பதித்த தேதி படத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

பிக்காசாவை கூகுள் 2016-லேயே கைவிட்டுவிட்டது. புது லேப்டாப்பில் டிஜிகேம் என்ற இலவச மென்பொருளைப் போடச் சொல்லுங்கள். படத்துக்குள் எழுதிய முகப் பெயர்களை அது படித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றா என்று தம்பி பார்க்கட்டும். பெயர்களை நீங்களே பாருங்கள் அம்மா, பத்திருபது படங்களையாவது திறந்து. எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி, அலமாரியில் வையுங்கள்.