சொந்த வண்டிக்கு எந்த ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வி: காரில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. பட்டறையில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்றார்கள். மாற்றினேன். மூன்றே வாரத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. அதே மாதிரி கோளாறு பார்க்கும் ஸ்கேனர் ஒன்றை நானே வாங்கிவிடலாம் என்று தேடினால் எக்கச்சக்கமான மாடல்கள். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் கோட், அதாவது வண்டிக் கணினி பதிவு செய்யும் கோளாறு எண், அதை மட்டும் காட்டுகிற கருவியை வாங்காதீர்கள். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது. என் வண்டியில் வந்த கோட் பி0171 (P0171). கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அதற்குப் பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார்தான். நானோ தகவல் சொன்ன அந்த சென்சாரையே கழற்றிப் புதிதாக மாட்டினேன். புது சென்சாரும் அதே புகாரைத்தான் சொன்னது. கடைசியில் பார்த்தால், ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் மடிப்புக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

அந்த வெடிப்பைத் தேடத் தூண்டியது கோட் இல்லை, லைவ் டேட்டாவில், அதாவது எஞ்சின் ஓடும்போதே கருவியில் வரும் அளவுகளில், இருந்த ஃப்யூயல் ட்ரிம். எஞ்சின் கணினி தன் கணக்கை விட எத்தனை சதவீதம் கூடுதலாகவோ குறைவாகவோ பெட்ரோல் விடுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. நல்ல வண்டியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். ஐந்து, ஏழு என்று மேலும் கீழும் ஆடினால் கவலை இல்லை. என் வண்டியில் ஐடிலிங்கில் நிற்கும்போது 20-ஐத் தாண்டியது. ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்தால் 5-க்கு இறங்கியது. இப்படி இறங்கினால் எங்கோ காற்றுக் கசிவு என்று பொருள். ஐடிலிங்கில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம்தான், அதில் ஓட்டை வழியாக வருவது பெரிய பங்கு. வேகம் கூடும்போது உள்ளே போகும் காற்று பல மடங்காகிவிடுவதால் ஓட்டையின் பங்கு சிறுத்துவிடும். மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, மேடு ஏறும்போது எண் ஏறினால் எரிபொருள் பம்பையோ அடைத்த ஃபில்டரையோ அழுக்குப் பிடித்த காற்று அளவி சென்சாரையோ சந்தேகிக்கலாம். கோட் ஒன்றே, நோய் வேறு வேறு. உங்களுக்கும் பி0171 வந்திருந்தால் முதலில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள்.

ஆகவே கருவியில் முதலில் பார்க்க வேண்டியது லைவ் டேட்டா. அதிலும் இரண்டு மூன்று எண்களை ஒரே திரையில் கோட்டுப் படமாகக் காட்ட வேண்டும். எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கண்ணால் பிடிக்க முடியாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியில்லை என்று சொல்லும் பி0420 கோடை எடுத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. பல வண்டிகளில் முன்னால் இருப்பது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பின்னால் இருப்பது ஏறக்குறைய நேர்கோடாக ஓட வேண்டும். பின்னால் உள்ளதும் முன்னால் உள்ளதைப் போலவே குதிக்க ஆரம்பித்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். படமாகப் பார்த்தால் பத்து விநாடியில் புரியும்.

அடுத்தது ஃப்ரீஸ் ஃப்ரேம். கோட் பதிவான கணத்தில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை வண்டி குறித்து வைத்திருக்கும். முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை) என்று பி0301 வந்து, ஃப்ரீஸ் ஃப்ரேமில் கூலன்ட் சூடு 35 டிகிரி என்று இருந்தால், காலையில் ஸ்டார்ட் செய்த உடனே நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். சூடான எஞ்சினை மணிக்கணக்காக ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லையே" என்று சொல்ல வேண்டியிருக்காது. இன்னொரு எளிய வழியும் உண்டு. ஒன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றி மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோட் பி0303 ஆக மாறி வந்தால் குற்றவாளி காயில்தான். புதுப் பொருள் எதையும் வாங்காமலே விடை கிடைத்துவிடும்.

பெண்டிங் கோடையும் காட்ட வேண்டும். அது விளக்கு எரிவதற்கு முன்பே வண்டி தயங்கித் தயங்கிக் குறித்து வைக்கும் புகார். இவ்வளவும் இருந்தால் சொந்த உபயோகத்துக்குப் போதும்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். விளக்கு நிலையாக எரிந்தால் வீடு போய்ப் பார்க்கலாம். மினுக்கிக்கொண்டே இருந்தால் கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுக் கெடுத்துவிடும். ஸ்கேனரைத் தேடாமல் வண்டியை ஓரங்கட்டுங்கள்.

கேள்வி: திரையுள்ள கைக்கருவி நல்லதா, போனோடு சேரும் ப்ளூடூத் டாங்கிள் நல்லதா? டாங்கிள்கள் மலிவாக இருப்பதால் பயமாகவும் இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதே. இந்த டாங்கிள்களில் பெரும்பாலானவற்றின் மேல் எல்ம்327 என்று இருக்கும். அது எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் உருவாக்கிய சில்லு. நிறுவனம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு வெகு காலம் முன்பே நகல்கள் சந்தையை நிறைத்துவிட்டன. ஒரு வேடிக்கையான உண்மை: விற்பனைப் பக்கங்களில் பெருமையாகப் போடும் 1.5 என்ற பதிப்பை அந்த நிறுவனம் வெளியிடவே இல்லை. நகல் எல்லாமே குப்பை என்று சொல்ல மாட்டேன், சில ஒழுங்காக ஓடும். ஆனால் மோசமானவை பாதிக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளாது. அதைவிடத் தொந்தரவு, லைவ் டேட்டாவை மெதுவாகத் தரும். மேலே சொன்ன ஆக்சிஜன் சென்சார் விநாடிக்கு ஒரு முறை மேலும் கீழும் போகிறது என்றால், விநாடிக்கு ஒரே ஒரு அளவு அனுப்பும் டாங்கிளில் அது தெரியவே தெரியாது. நல்ல சென்சாரும் செத்ததுபோல் காட்டும். ஆகவே பெயர் தெரியாத டாங்கிளை விடுத்து, தயாரித்தவர் யார் என்று தெரிந்த, ஃபர்ம்வேர் அப்டேட் தருகிற டாங்கிளாக எடுங்கள். எஸ்.டி.என். வரிசைச் சில்லுகள் உள்ளவை எல்ம் கட்டளைகளையும் ஏற்கும், வேகமும் அதிகம்.

உங்கள் போன் எது என்பதும் முக்கியம். ஆண்ட்ராய்டில் பழைய வகை ப்ளூடூத் டாங்கிளும் சேரும். ஐபோனில் அவற்றில் பெரும்பாலானவை சேராது. ப்ளூடூத் எல்.இ. அல்லது வைஃபை வகை வேண்டும். அட்டையில் "ப்ளூடூத்" என்று மட்டும் எழுதியிருந்தால் ஐபோன்காரர்கள் வாங்க வேண்டாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், நல்ல டாங்கிளும் ஒரு நல்ல ஆப்பும். போன் திரை பெரியது, பதிவு செய்து பிறகு நிதானமாகப் பார்க்கலாம், பட்டறைக்காரருக்கும் அப்படியே அனுப்பலாம். ஆனால் வீட்டில் பலர் ஓட்டும் வண்டி, போனில் இதையெல்லாம் நோண்டப் பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள் என்றால் கைக்கருவியே மேல். செருகினால் உயிர் வரும், எடுத்தால் அணையும், அவ்வளவுதான். டாங்கிளில் ஆப்புக்குச் சந்தா உண்டா, கைக்கருவியில் அப்டேட் எத்தனை வருடம் இலவசம், முடிந்த பிறகு இருப்பது வேலை செய்யுமா, நின்றுவிடுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன். ஸ்கேனர் போட்டுப் பார்த்தேன், கோட் எதுவும் இல்லை. நம்பி வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் கோடை அழித்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். அதைப் பிடிக்க ரெடினெஸ் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார், டேங்க்கின் பெட்ரோல் ஆவி அமைப்பு என்று ஒவ்வொன்றையும் வண்டி தானே சோதித்து முடித்ததா என்று அங்கே இருக்கும். கோடை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்தச் சோதனைகள் எல்லாம் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி முடிய, பல நாள் கலவையாக ஓட்ட வேண்டும். தினம் ஓட்டுகிற வண்டி என்று சொல்லிவிட்டு மூன்று நான்கு சோதனைகள் முடியாமல் இருந்தால், "சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். மாற்றியிருக்கலாம். அப்படி இல்லையென்றால், ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். கோட் அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகள் தரும். அதில் 12 என்று இருந்தால் மேற்கொண்டு கேட்க ஒன்றும் இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் நீங்களும் கோடை அழித்துவிடாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும், அவர்கள் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். படம் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் எதுவும் செய்யுங்கள்.

கேள்வி: ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகளையும் பார்க்கும், எல்லா வேலையும் செய்யும் கருவியாகவே வாங்கிவிட்டால் என்ன?

பதில்: பி (P) என்று தொடங்கும் எஞ்சின் கோட்களில், பூஜ்யம் அடுத்து வருபவை பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் பொது. புகை விதிகளுக்காகக் கட்டாயமாக்கப்பட்டவை இவை. ஏ.பி.எஸ்., ஏர்பேக், கியர்பாக்ஸ் எல்லாம் பெருமளவு அந்தந்த நிறுவனத்தின் சொந்த மொழி. ஆகவே "எல்லா வண்டிக்கும் எல்லாம்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்காமல், உங்கள் மாடல், வருடம், எஞ்சின் மூன்றையும் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடி, ஏ.பி.எஸ்.ஸுக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். கோட் படிப்பது வேறு, ஏ.பி.எஸ். பம்பை ஓடவிட்டு பிரேக் ஆயிலில் உள்ள காற்றை எடுப்பது வேறு.

நீங்களே பின் பிரேக் பேட் மாற்றுபவர், உங்கள் வண்டியில் மின்சார ஹேண்ட் பிரேக் என்றால் அதைப் பின்னுக்கு இழுக்கும் வசதி அவசியம். டீசல் வண்டி, அதிகம் ஊருக்குள்ளேயே ஓடுகிறது என்றால் டி.பி.எஃப். வடிகட்டியில் எவ்வளவு கரி சேர்ந்திருக்கிறது என்று காட்டுவது பயன். இந்த மாதிரி குறிப்பிட்ட தேவை இருந்தால் மேலே போங்கள். இல்லையென்றால் வேண்டாம். ஒரே நிறுவனத்து வண்டியை வருடக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்கு அந்த நிறுவனத்துக்கென்றே வந்த மென்பொருள் எந்தப் பெரிய கருவியையும் விட நன்றாக உழைக்கும். ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கு வி.சி.டி.எஸ்., ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்று இருக்கின்றன.

புது வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபியட் கிரைஸ்லர் 2018 வாக்கில் தொடங்கி பல மாடல்களில் ஒரு பாதுகாப்பு வாயிலை வைத்தது. அதன் பிறகு நிறுவனத்திடம் பதிவு செய்யாத கருவிகளால் கோடைப் படிக்க முடியும், அழிக்கவோ கட்டளை தரவோ முடியாது. வேறு சில நிறுவனங்களும் அதே வழியில் போகின்றன.

வண்டிக் கணினியின் அமைப்பையே மாற்றும் கோடிங், புரோகிராமிங் பட்டன்களை மட்டும் தெரியாமல் தொடாதீர்கள். பாதியில் பேட்டரி இறங்கினால் அந்தக் கணினியே வீணாகலாம்.

கேள்வி: எங்கள் வண்டி பழையது. ஸ்கேனர் சேருமா?

பதில்: இந்த ஸ்கேனர்கள் பேசும் பொது முறையான ஓ.பி.டி.-2 அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசலுக்கு 2004 வாக்கில் வந்தது. மற்ற பல நாடுகளில் பிறகு. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை உள்ள சாக்கெட் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதே சாக்கெட்டை வைத்துவிட்டு உள்ளே வேறு மொழி பேசிய பழைய வண்டிகளும் உண்டு. 2008-க்கு முந்தையது என்றால் இப்போதைய வண்டிகளின் கேன் (CAN) என்ற தொடர்பு முறை மட்டும் அல்லாமல் மற்ற நான்கு வகைத் தொடர்பு முறைகளையும் கருவி ஆதரிக்கிறதா என்று பாருங்கள். மலிவு நகல்கள் பல இங்கேதான் கைவிடுகின்றன. திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கி, முதல் நாளே வண்டியில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டாங்கிளை எப்போதும் சாக்கெட்டிலேயே விட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டின் 16-ஆம் முனையில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தானாகத் தூங்கிவிடும் டாங்கிள் இல்லையென்றால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி இறங்கிவிடும். மலிவான டாங்கிள்களின் ரகசிய எண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. பக்கத்தில் நிற்கும் யாரும் உங்கள் வண்டிக் கணினியோடு பேசிவிட முடியும். வேலை முடிந்ததும் கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வையுங்கள்.