பக்கத்து வீட்டுக் கார்

கேள்வி: கர்த்தருடைய கட்டளைகள் பத்தையும் சிறுவயதிலிருந்தே கைக்கொண்டு வருகிறேன். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகம் தவறியதில்லை, ஆராதனைக்குப் போகாத ஞாயிறு இல்லை. ஆனால் பைபிளைத் திறந்தே பார்க்காத பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது கார் வாங்கிவிட்டார். கீழ்ப்படிகிறவனுக்கு ஆசீர்வாதம் எப்போது வரும்?

பதில்: பத்தையுமா? ஒன்பது என்று எழுதியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். பத்தாவது கட்டளையான யாத்திராகமம் 20:17-ஐ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இச்சிக்காதே என்கிறது. பிறனுடைய வீடு, மனைவி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. காரைக் காணோமே என்று நீங்கள் மூச்சு விடுவதற்குள் ‘பின்னும் பிறனுக்குள்ள யாதொன்றையும்’ என்று வளைத்துப் பிடித்துவிடுகிறது. முதல் கார் வந்ததையும் குறித்து வைத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் இது இரண்டாவது என்று எப்படித் தெரியும்? அவர் பைபிளைத் திறப்பதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. உங்கள் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று நான் கேட்கப்போவதில்லை.

சங்கீதக்காரன் ஆசாப்புக்கும் இதே வயிற்றெரிச்சல் இருந்தது. சங்கீதம் 73-ல் துன்மார்க்கரின் வாழ்வைக் கண்டு ‘பொறாமைகொண்டேன்’ என்று தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார். நீங்கள் அதையே தசமபாகக் கணக்கோடு சேர்த்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்தக் கேள்வியெல்லாம் எங்கிருந்து முளைக்கிறது என்று எனக்குத் தெரியும். சுவரில் மாட்டுகிற வசன அட்டைகள்! அவற்றோடு எனக்குப் பழைய தகராறு. உபாகமம் 28:13-ல் ‘வாலாக்காமல் தலையாக்குவார்’ என்பதை மட்டும் பூப்போட்டு அச்சடிப்பார்கள். அதே வசனத்தில் கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்று ஒரு பாதி இருக்கிறது, அதற்கு அட்டையில் இடம் போதாது. சபையில் எல்லோர் வீட்டிலும் அதே அட்டை. எல்லோரும் தலையாகிவிட்டால் நாற்காலி யார் எடுத்துப் போடுவது, பாத்திரம் யார் கழுவுவது? ‘வாலாயிருந்தாலும் பரவாயில்லை, ஆளை விடுங்கள்’ என்று ஓர் அட்டை வந்தால் நானே காசு கொடுத்து வாங்குவேன்.

சரி, ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். உபாகமம் 24-ல் கடன் கொடுத்தவனுக்கு ஒரு கட்டளை உண்டு. அடகு வாங்க வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவந்து தரட்டும். ஏழையாயிருந்தால் அவன் அடகு வைத்த வஸ்திரத்தைப் பொழுது போகும்போது திருப்பிக் கொடுத்துவிடு. எதற்கு? அவன் அதைப் போட்டுப் படுத்துக்கொண்டு ‘உன்னை ஆசீர்வதிக்கும்படி’. வாழ்த்துகிறவன் குளிருக்குப் போர்த்திப் படுத்திருக்கும் கடன்காரன். கொடுத்தவன் அந்நேரம் தன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான், அவன் காதில் ஒன்றும் விழாது. நீங்கள் எதிர்பார்க்கிற இடம் வேறு, அது வந்து சேர்கிற இடம் வேறு.

அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், புது வீடு கட்டினால் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை என்கிறது. வைத்தால் என்ன கிடைக்கும்? யாரும் விழமாட்டார்கள், அவ்வளவுதான். விழாத மனுஷன் வந்து உங்களுக்கு நன்றி சொல்வானா? இந்த மாதிரி ஆசீர்வாதத்தைச் சபையில் பெற்ற நன்மைகளைச் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லவும் முடியாது. எரேமியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள்ளுங்கள், கர்த்தர் சொல்லச் சொன்னதைச் சொன்னார், துரவுக்குள், அதாவது கிணற்றுக்குள் இறக்கினார்கள், உளைச் சேற்றில் அமிழ்ந்தார். அவரிடம் போய் ‘எப்போது வரும்’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

‘இயேசு வந்தபின் கிருபையின் காலத்தில் இருந்துகொண்டு, எதற்கெடுத்தாலும் பழைய ஏற்பாட்டுச் சட்டமான உபாகமத்துக்கு ஓடுகிறீரே’ என்று வழக்கமாக எழுதும் அன்பர் இப்போதே பேனாவைத் திறந்திருப்பார். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று தடவையும் பதில் எடுத்தது உபாகமத்திலிருந்துதான். அன்பருக்கு ஆட்சேபம் இருந்தால் அங்கே எழுதட்டும்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது 24:19. அறுப்பு நாளில் ஓர் அரிக்கட்டை வயலில் மறந்து வைத்துவிட்டு வந்தால், அதை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் அது இருக்கட்டும், கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார். மறதிக்கே ஆசீர்வாதம் வைத்திருக்கிறார்கள், பாருங்கள். ஆனால் உங்களைப்போலக் கேள்வியை மட்டும் அனுப்பிவிட்டுப் பெயரெழுத மறக்கும் வாசகர்களுக்கு அதில் பங்கு உண்டா என்று தேடிப் பார்த்தேன், அப்படி ஒரு வசனம் அகப்படவில்லை.