வீட்டுக்கார அம்மாவின் கொள்ளுத்தாத்தாவை எங்கே தேடுவது?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பியாட்ரிஸ் ஊருக்கு வந்து ஐந்து மாதமான தம்பிக்கு,

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மாவுக்கு 78 வயது. அவருடைய முன்னோர் ஒருவர் இந்தப் புல்வெளியில் முதலில் வந்து குடியேறியவர்களில் ஒருவர். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் பெயரும், '1860, கிளே கவுன்டி, நெப்ராஸ்கா' என்ற வரியும் மட்டும் இருக்கின்றன. அவருடைய மகன் கிளே கவுன்டி (கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகம் வரை போய்ப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டார். 'நீ கம்ப்யூட்டர் படித்தவனாயிற்றே' என்று அந்த அம்மா உங்களைக் கேட்கிறார். விசாவில் இருப்பவனை அலுவலகத்தில் பதிவேடு பார்க்க விடுவார்களா, அடுத்தவர் குடும்பக் கதையைக் கிளறுவது சரியா, எங்கே தொடங்குவது என்று நீங்கள் என்னைக் கேட்கிறீர்கள்.

விடுவார்கள். நெப்ராஸ்கா சட்டப்படி, பொது ஆவணங்களை மாநிலக் குடிமக்களும் பார்க்கலாம், பார்க்க விரும்பும் மற்ற எவரும் பார்க்கலாம். நான் கிரீன் கார்டு வருவதற்கு முன்பே, சேலையும் ஸ்வெட்டருமாகப் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருவர்கூட என்னிடம் பாஸ்போர்ட் கேட்டதில்லை. கவுன்டரில் இருந்த அம்மா எந்த ஆண்டு, எந்தப் பிரிவு என்று மட்டும் கேட்டார். இது ஒரு அரசு அலுவலகம் என்ற பயம் எனக்கு அன்றோடு போனது.

முதலில் அந்தக் கிளே கவுன்டி விஷயம். மகன் போனது இன்றைய கிளே கவுன்டிக்கு. அது மேற்கே தள்ளி இருக்கிறது, பிறகு உருவானது. 1860-இல் கிளே கவுன்டி என்று சொன்னது உங்கள் காலடியில் இருக்கும் மண்ணை! அப்போது கேஜ் கவுன்டிக்கும் லான்காஸ்டர் கவுன்டிக்கும் நடுவே அந்தப் பெயரில் ஒரு கவுன்டி இருந்தது. 1864-இல் அதைக் கலைத்து, வடபாதியை லான்காஸ்டரோடும் தென்பாதியை கேஜோடும் சேர்த்துவிட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்துப் பழைய பத்திரத்தைத் தூத்துக்குடியில் தேடுவதா, நெல்லையில் தேடுவதா என்று நம் ஊரில் குழம்புவோமே, அதேதான். அவர்களுடைய பழைய பண்ணை கோர்ட்லாண்ட் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். கோர்ட்லாண்ட் அந்தத் தென்பாதியில் வரும். ஆகவே நீங்கள் போக வேண்டிய இடம் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கேஜ் கவுன்டி அலுவலகம். நியூபெரி நூலகம் வெளியிட்ட கவுன்டி எல்லைகளின் வரலாற்று வரைபடம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. எந்தத் தேதியில் எந்த எல்லை என்று அதில் பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.

இனி, எங்கே தொடங்குவது. ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முதன்மையானது இதுதான். பெயர் நிலையில்லாதது. கிளார்க் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், ஒரே ஆளுக்கு நாலு எழுத்துக்கூட்டல் இருக்கும். அப்பா பெயரின் முதல் எழுத்தைக் குடும்பப் பெயராக்கி உங்கள் வங்கி அட்டையில் அச்சடித்திருப்பார்கள் அல்லவா? 1860-இல் ஜெர்மனியிலிருந்து வந்தவருக்கும் அதே கதிதான். நிலத்தின் அடையாளம் அப்படி மாறாது. நம் ஊர் சர்வே எண் மாதிரி ஒரு விவரம் இருக்கும்: தென்மேற்குக் கால் பகுதி, பிரிவு 8, டவுன்ஷிப் 5 வடக்கு, ரேஞ்ச் 7 கிழக்கு. ஒரு டவுன்ஷிப் 6 மைலுக்கு 6 மைல். அதில் 36 பிரிவுகள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். கால் பகுதி என்றால் 160 ஏக்கர். டவுன்ஷிப் வடக்கு தெற்காக எண்ணுவது, ரேஞ்ச் கிழக்கு மேற்காக எண்ணுவது. இங்கே டவுன்ஷிப் எண்ணிக்கை தெற்கே உள்ள கான்சாஸ் மாநில எல்லைக்கோட்டில் தொடங்குகிறது. ஐந்தாவது டவுன்ஷிப் என்றால் அந்தக் கோட்டிலிருந்து 24 மைல் வடக்கே தொடங்கும் நிலம். அளந்தது 66 அடிச் சங்கிலியால். நம் பக்கத்துப் பழைய சர்வேயர்கள் இழுத்ததும் அதே கன்டர் சங்கிலிதான். 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர் என்று என் அப்பா சொல்லிக்கொடுத்த கணக்கு எனக்கு நெப்ராஸ்காவில் உதவியது.

அந்த எண்ணை எப்படிப் பிடிப்பது? கூட்டாட்சி அரசின் நில நிர்வாகத் துறை முதல் பட்டாக்களை இணையத்தில் போட்டிருக்கிறது. மாநிலம், கவுன்டி, பெயர் கொடுத்தால் பட்டாவின் படமே வரும். நம் பாஷையில் சொன்னால் அதுதான் மூலப்பத்திரத்துக்கும் மூலம். உங்கள் ஆள் 1860-இல் வந்தவர் என்பதால் ஒன்றைக் கவனியுங்கள். குடியேறி உழுபவருக்கு அரசு நிலத்தைக் கொடுக்கும் ஹோம்ஸ்டெட் சட்டத்தில் ஜனாதிபதி லிங்கன் கையெழுத்திட்டது 1862 மே 20. நடைமுறைக்கு வந்தது 1863 ஜனவரி 1. முதல் நாளே மனுப் போட்டவர்களில் ஒருவரான டேனியல் ஃப்ரீமனின் நிலம் உங்கள் ஊருக்குச் சற்று மேற்கே, இன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. அதற்கு முன் வந்தவர்கள் ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி வாங்கியிருப்பார்கள், அல்லது போர்வீரர்களுக்குக் கொடுத்த நிலச் சீட்டை விலைக்கு வாங்கி அதைக் கொடுத்திருப்பார்கள். அப்படி வாங்கியிருந்தால் வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கோப்பு மெலிசாகத்தான் இருக்கும். காத்திருந்து 1863-க்குப் பிறகு ஹோம்ஸ்டெட்டாக எடுத்திருந்தால் கோப்பு கனமாக இருக்கும். ஐந்து ஆண்டுகள் குடியிருந்து உழுததை நிரூபித்தால்தான் 160 ஏக்கர் சொந்தம். அதனால் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம் என்று எல்லாம் அதில் இருக்கும். வெளிநாட்டவராக இருந்தால் குடியுரிமை கேட்ட தாளும் இருக்கும்.

அந்தத் தாளைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும். என் கணவர் வீட்டார் ஜெர்மானியர்கள். மாமியாரின் கொள்ளுத்தாத்தா 1871-இல் வந்தவர். நிலம் எடுக்க அவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை, ஆகப்போகிறேன் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தாலே போதும். ஜெர்மானிய மன்னர்களுக்கு இனி நான் கட்டுப்பட்டவன் அல்ல என்று சத்தியம் செய்த அந்தத் தாளைப் பார்த்தபோது, என் சொந்தக் குடியுரிமைச் சடங்கில் கை தூக்கி நின்றது ஞாபகம் வந்தது. அன்று என் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருக்கு எப்படி இருந்ததோ. 1906-க்கு முந்தைய இந்தத் தாள்கள் பெரும்பாலும் உள்ளூர் நீதிமன்றங்களின் புத்தகங்களில்தான் இருக்கின்றன.

சரி, கவுன்டி அலுவலகத்துக்குள் போய்விட்டீர்கள். பத்திரப் பதிவேட்டுக்கு இரண்டு அட்டவணைகள் உண்டு, விற்றவர் பெயரில் ஒன்று, வாங்கியவர் பெயரில் ஒன்று. இரண்டையும் பாருங்கள். அடமானப் புத்தகம் தனி. அதை விட்டுவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணை மீட்டுக் கொடுத்தது அந்தப் புத்தகம்தான்.

மாமியார் வீட்டுக் கதைப்படி கொள்ளுத்தாத்தா தன்னந்தனியாக வந்தார், புல்மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார், பிறகு கொள்ளுப்பாட்டியைக் கல்யாணம் செய்தார். ஹோம்ஸ்டெட் கோப்பு வந்தது. 14 அடிக்கு 16 அடி வீடு, ஒரு கதவு, இரண்டு சன்னல், ஒரு கிணறு, 45 ஏக்கர் உழவு. எல்லாம் கதையோடு ஒத்துப்போனது. ஆனால் 1876-இல் சாட்சி சொன்ன பக்கத்து நிலத்துக்காரர், 'மனைவியும் ஒரு குழந்தையும் உள்ள குடும்பம்' என்கிறார். கல்யாணப் பதிவேட்டில் கொள்ளுப்பாட்டியைக் கட்டிய தேதியோ 1877 நவம்பர். 1880 கணக்கெடுப்பில் கொள்ளுப்பாட்டிக்கு 22 வயது, மகனுக்கு 7. மாமியாரும் நானும் சமையலறை மேசையில் அந்தக் கணக்கை மூன்று முறை போட்டோம். 15 வயதில் பெற்றிருக்க வேண்டும், அதுவும் கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னால்.

அப்புறம்தான் அடமானப் புத்தகத்துக்குப் போனேன். நிலம் கைக்கு வந்த கையோடு, 1876 கோடையில், அதை அடமானம் வைத்திருக்கிறார். குடியிருக்கும் நிலத்தை அடமானம் வைக்க மனைவியின் கையெழுத்தும் வேண்டும். கீழே அவர் பெயர். அதற்கும் கீழே நாங்கள் யாரும் கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணின் பெயர். முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவே ஒரு சிறிய பெருக்கல் குறி. குறிக்கு மேலும் கீழும் 'அவளது', 'குறி' என்று இரண்டு பொடிச் சொற்கள். கைநாட்டு, தம்பி! எழுதத் தெரியாத அந்தப் பெண் இந்த மண்ணில் விட்டுப்போனது அவ்வளவுதான். பதிவேட்டில் இருப்பது கிளார்க் பார்த்து எழுதிய நகல், அவள் கை பட்ட தாள் இல்லை. ஆனாலும் அந்தக் குறியின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளைகளுக்கு அவள் ரத்தம்.

இந்த மாநிலத்தில் இறப்புப் பதிவு தொடங்கியது 1904-இல்தான். அதனால் அவளுக்கு இறப்புச் சான்று கிடையாது. லூத்தரன் தேவாலயத்தின் ஜெர்மன் அடக்கப் புத்தகத்தில் கிடைத்தாள். 1877 பிப்ரவரி, பிரசவத்தில், சிசுவோடு.

அடுத்தவர் கதையைக் கிளறலாமா என்று கேட்டீர்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது. கிளறும் முன்பே அந்த அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்: 'நீங்கள் கேள்விப்பட்டதற்கு மாறாக ஏதாவது வந்தால் சொல்லட்டுமா?' நான் கேட்கவில்லை. மாமியாருக்கு அன்று முகம் வாடிவிட்டது. வளர்த்த கொள்ளுப்பாட்டியை இழந்த மாதிரி இருந்தது அவருக்கு. இரண்டு மாதம் கழித்து அவராகவே, 'அந்தப் பெண் பெயரை இன்னொரு முறை சொல்' என்றார். இப்போது அவர் பைபிளில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

மற்ற புத்தகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அசையும் சொத்து அடமானம் கிடைத்தால் அதிர்ஷ்டம், எல்லா கவுன்டியிலும் அது மிஞ்சவில்லை. 1874-இல் வெட்டுக்கிளிக் கூட்டம் இந்த மாநிலத்துப் பயிரைத் தின்று தீர்த்தது. அடுத்த வசந்தத்தில் எங்கள் ஆள் விதைக்கு ஒரு பசுவை அடகு வைத்திருக்கிறார். சிவப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, வயது 6. நூற்றைம்பது வருஷம் கழித்து ஒரு பசுவின் நெற்றி தெரிகிறது! வரிப் பட்டியலில் நிலம் இல்லையே என்று பதறாதீர்கள். ஹோம்ஸ்டெட் நிலம் முழுதாகக் கைக்கு வரும் வரை அது அரசு நிலம், வரி கிடையாது. மாட்டுக்கும் வண்டிக்கும் போட்ட வரியில் பெயர் இருக்கும். கவுன்டி கமிஷனர்களின் கூட்டக் குறிப்பில் சாலை கேட்டவர்கள், ஜூரியில் உட்கார்ந்தவர்கள் பெயரெல்லாம் வரும். இறந்தபின் நடந்த சொத்து வழக்கின் கோப்பில், வீட்டிலிருந்த கரண்டி வரை விலை போட்டிருப்பார்கள்.

கணக்கெடுப்பில் 1860-ஐ 'நெப்ராஸ்கா டெரிட்டரி, கிளே கவுன்டி' என்றே தேடுங்கள். இது மாநிலமானது 1867-இல்தான். 1860-இல் விவசாயக் கணக்கும் தனியாக எடுத்தார்கள், எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் சோளம், எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று. 1890 கணக்கெடுப்பு 1921 தீ விபத்தில் பெரும்பாலும் போய்விட்டது. நெப்ராஸ்காவுக்கு ஓர் ஆறுதல், 1885-இல் எடுத்த தனிக் கணக்கெடுப்பு இருக்கிறது.

இன்னொன்றையும் அந்த அம்மாவிடம் மென்மையாகச் சொல்லுங்கள். 'வந்தபோது இங்கே எதுவுமே இல்லை' என்று அவர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இருந்தார்கள். இது ஓட்டோ, மிசூரியா மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் அவர்கள் இதை விட்டுக்கொடுத்தார்கள். கேஜ் கவுன்டியின் தெற்கே, பிக் புளூ ஆற்றங்கரையில் அவர்களுக்கு ஒதுக்கிய நிலமும் பிறகு விற்கப்பட்டு, 1881-இல் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வைக்கப்பட்டார்கள். உங்கள் ஆள் வந்த பிறகு 20 ஆண்டுகள் அவர்கள் பக்கத்து மக்கள். எங்கள் குடும்பக் கோப்பைத் தைத்தபோது முதல் பக்கத்தில் அந்த ஒப்பந்தத்தின் நகலைத்தான் வைத்தேன்.

நான் லிங்கன் நகரில்தான் இருக்கிறேன், உங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். கவுன்டி அலுவலகம் சனிக்கிழமை திறக்காது, வேலை நாளில் அரை நாள் விடுப்புப் போடுங்கள். பென்சில், பூதக்கண்ணாடி, சில்லறை டாலர், மெல்லிய சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், புத்தக அறை குளிரும். படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். அந்த அம்மாவால் படியேற முடியுமென்றால் அவரையும் கூட்டி வாருங்கள். கோர்ட்லாண்ட் பக்கத்துப் புத்தகத்தை முதலில் அவர் திறக்கட்டும். தேதியைச் சொன்னால் நானும் வந்துவிடுகிறேன், எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு.